மூன்று ஷாட்டும் ஒற்றைத் தோடும்

பெட்டிக்குள் ஒரு தோடுதான் இருந்தது.

அம்மா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பிஸ்கட் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் முகம் மாறக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முகம் மாறினாள்.

"இன்னொன்னு எங்க?"

மாலை ஐந்து மணி. தேநீர் இன்னும் ஆறவில்லை. சின்னவன் இரண்டு வருஷமாகக் காதலிக்கும் பெண்ணை அன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். பிசியோதெரபிஸ்ட், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். உடன் வந்திருந்த அவளுடைய அப்பா, நகைக் கடைகளுக்கு வைரம் தரம் பார்த்துச் சொல்பவர். தேநீர் முடிந்ததும் அந்தப் பெண்ணின் கையில் தன் வைரத் தோடுகளை வைத்து, "இனிமே இது உன்னுது" என்று சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். அந்த ஒரு வரியைக் காலையிலிருந்து சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். கூடத்து மேசையில் பெட்டியைத் திறந்து வைத்ததும் அவள்தான்.

இப்போது அவள் பார்வை, ஒரே ஒரு நொடி, அந்தப் பெண்ணின் கைப்பை மேல் விழுந்து விலகியது.

ஒரு நொடிதான். ஆனால் கூடத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

வைரம் பார்ப்பவர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "நாங்க கிளம்பறோம்."

"உட்காருங்க சார்," என்றாள் மூத்த மருமகள். அவள் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். லீவு போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள். "இப்படியே கிளம்பினா உங்க பொண்ணு மறுபடி இந்தப் படி ஏற மாட்டா. தோடு எங்கன்னு தெரிஞ்சுட்டு அப்புறம் கோவிச்சுக்கலாம். கொஞ்ச நேரம் குடுங்க."

அவளுடைய கணவன், அதாவது மூத்தவன், மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். திருட்டு, விசாரணை எல்லாம் மனைவியின் இலாகா. வாத்தியாரின் இலாகா கேமரா. அதுவும் மூன்றே வாரமாக.

ஜன்னல் உள்ள அறையைப் படம் எடுத்தால் ஒன்று ஜன்னல் வெளுத்துப்போகும், இல்லையென்றால் அறை இருட்டாகிவிடும். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே வர வேண்டுமானால் கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று ஷாட் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எச்.டி.ஆர். என்று பெயர். இதை வாத்தியார் பால்காரர் உட்பட எல்லோருக்கும் விளக்கியாகிவிட்டது. சின்னவன் அவனுக்கு 'மூணு ஷாட்டு' என்று பெயரே வைத்துவிட்டான். இதுவரை எடுத்த படங்களில் வீட்டு சோபா ஏதோ வேற்றுக் கிரகத்தில் கிடப்பதுபோல் ஜொலித்தது.

இந்த வீட்டில் அவன் கேமராவை மதித்த ஒரே ஜீவன் அப்பாதான். முக்காலியின் காலில் கொக்கி உடைந்தபோது தன் மஞ்சள் ட்யூப் பசையை எடுத்துவந்து ஒட்டிக் கொடுத்தார். செருப்பு, ரிமோட், கோப்பைப் பிடி என்று அங்கே உடைந்த எதுவும் குப்பைக்குப் போகாது, அப்பாவிடம் போகும். விருந்தாளிகளையும் வாசலிலேயே அவர்தான் கலகலப்பாக வரவேற்றார். "லீவு நாள்லயும் அந்த வைரம் பார்க்கிற லென்ஸைப் பையில வெச்சிருப்பீங்களா சம்பந்தி?" என்று கேட்டு, "தூங்கும்போதுகூட வெச்சிருப்பேன்" என்ற பதிலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "தேநீருக்கு முன்னாடி யார் எங்க இருந்தீங்க? நானும் அத்தையும் சமையலறை. என்னை நானே விசாரிச்சு விட்டுட்டேன்."

"நானும் அங்கிளும் மொட்டை மாடி," என்றான் சின்னவன். "இவளும்தான். நடுவுல ஒரு தடவை கை கழுவக் கீழ..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவன் சொல்லலேன்னாலும் நானே சொல்லியிருப்பேன்," என்றாள் அந்தப் பெண். குரல் நடுங்கவில்லை, விரல்கள்தான் துப்பட்டாவை முறுக்கின. "மாடிக் கம்பியில துரு. கை கழுவ வந்தேன். மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பாத்ரூம் உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதனால சமையலறைக்குப் போய்க் கழுவிட்டு மேல போயிட்டேன்."

"பெட்டி?"

"இந்த மேசைப் பக்கமே திரும்பலை."

"சமையலறைக்கு வந்தா, நான் பார்த்தேன்," என்றாள் அம்மா, கொஞ்சம் இறங்கிய குரலில். "அவ போனப்புறம்தான் பிஸ்கட் தட்டைக் கொண்டுவந்து வெச்சேன்."

"பெட்டியில ரெண்டும் இருந்ததா அத்தை?"

"அதைப் பார்த்தாத்தானே! உங்க மாமா குழாயைத் திறந்து விட்டுட்டு எங்கேயோ போயிட்டார். தோட்டத்துப் பாதை பூரா வெள்ளம். இதோ இந்த ஜன்னல்லேருந்து தொண்டை கிழியக் கத்தறேன், ஆளையே காணோம்."

"எங்கேயும் போகலை," என்றார் அப்பா. "ரோஜாத் தொட்டிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தேன். பின்பக்கம் உரம் எடுக்க ஒரு எட்டு போயிருப்பேன். வீட்டுக்குள்ள காலே வெக்கலை." சொல்லிவிட்டுச் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"நீங்க?" இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் பதினோரு வருடத் தாம்பத்தியத்தின் எந்தச் சலுகையும் இல்லை.

"நான் இங்கதான், இந்த மூலையில. கூடத்தை எடுத்துட்டிருந்தேன். முதல் ஷாட் எடுத்ததும் ஷட்டர் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பணும்னு மறந்துபோச்சு. மாடி ரூமுக்குப் போய் வீடியோ பாடத்தை மறுபடி பார்த்துட்டு வந்து மீதி ரெண்டையும் எடுத்தேன்."

"கேமராவைத் தனியா விட்டுட்டு?"

"முக்காலியை அசைக்கக் கூடாதில்ல?"

சின்னவன் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அப்போ பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டது யாரு? நானும் அத்தையும் இல்லை. மாடியில ரெண்டு பேர். இவர் மாடி ரூம்ல. மிச்சம் மாமாதான்."

"நான்தான் தோட்டத்துல இருந்தேன்னு சொல்றேனே!"

"அப்பா சொல்றது நிஜம்!" வாத்தியார் துள்ளி எழுந்தான். "என் படத்துல இருக்கார்!"

ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்தான். தேநீர் கொதிப்பதற்குள் மூன்றையும் சேர்த்து முடித்திருந்தான். மூன்று வாரத்தில் முதல்முறையாக உருப்படியாக வந்த படம். சோபா சோபா மாதிரியே இருந்தது. மேசை மேல் பிஸ்கட் தட்டு, திறந்த பெட்டி, அதில் ஒற்றைத் தோடு. ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று தோட்டம், செங்கல் பாதை, கட்டம் போட்ட சட்டையில் குழாயும் கையுமாக அப்பா.

"அட, நல்லா வந்திருக்கே!" என்றான் சின்னவன், தன்னையறியாமல்.

வாத்தியாருக்கும் பெருமை பொங்கியது. பொங்கிய வேகத்திலேயே அடங்கியது. ஒரு தோடு போயாகிவிட்டது. அப்பாவோ அப்போதும் தோட்டத்தில் நிற்கிறார். அப்படியானால் பாத்ரூமில் யாருமே இல்லை. இல்லாத ஆள் தாழ்ப்பாள் போட்டதாகச் சொன்னவள் அந்தப் பெண்.

அவளுக்கும் அது புரிந்துவிட்டது. "நான் பொய் சொல்லலை," என்றாள். இந்த முறை குரல் நடுங்கியது.

அவளுடைய அப்பா எழுந்தார். சின்னவன் அண்ணனைப் பார்த்த பார்வையில் அந்த முக்காலியே பற்றி எரிந்திருக்க வேண்டும். வாத்தியாருக்கு லேப்டாப்பை மூடிவிடலாம் போலிருந்தது. ஆசை ஆசையாய் எடுத்த படம், தம்பியின் கல்யாணத்துக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

இன்ஸ்பெக்டர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"அத்தை, நீங்க தட்டை வெச்சப்போ பாதை எப்படி இருந்தது?"

"அதான் சொன்னேனே, வெள்ளம்னு."

"இந்தப் படத்துல தட்டு இருக்கு. ஆனா பாதையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. செங்கல் காய்ஞ்சு கிடக்கு."

எல்லோரும் குனிந்தார்கள். அப்பா மட்டும் குனியவில்லை.

"என்னங்க, மூணையும் தனித்தனியா காட்டுங்க."

முதல் படம் இருட்டு. ஜன்னல் மட்டும் தெளிவு: அப்பா, குழாய், காய்ந்த பாதை. உள்ளே அறை கரிபோல் கிடந்தது. மேசை இருந்த இடத்தைப் பெரிதாக்கினான். கறுப்புக்குள் ஊசிமுனை மாதிரி ஒளிப்புள்ளிகள். ஒன்றல்ல, இரண்டு. தட்டு இல்லை.

அடுத்த படம். தட்டு வந்துவிட்டது. பெட்டியில் ஒரு தோடு. ஜன்னல் வெறும் வெள்ளை. மூன்றாவது இன்னும் வெளிச்சம். ஜன்னல் இருந்த இடத்தில் வெளுத்த காகிதம் ஒட்டியது போலிருந்தது.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஜன்னல் சரியா விழுந்தது முதல் ஷாட்டுல மட்டும்தான். சாஃப்ட்வேர் தோட்டத்தை அதுலேருந்து எடுத்துக்கிச்சு. அறையை மத்த ரெண்டுலேருந்து எடுத்துக்கிச்சு. நடுவுல நான் மாடியில பாடம் பார்த்துட்டிருந்தேன்!"

"ஒரே படம். ரெண்டு வேற வேற நேரம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "மாமா தோட்டத்துல நின்னது நிஜம். ஆனா தட்டு வர்றதுக்கு முன்னாடி, தோடு போறதுக்கு முன்னாடி. அப்புறம் பாதை நிறையற அளவுக்குக் குழாயைக் கீழ போட்டுட்டு எங்கேயோ போயிருக்கார். அத்தை கத்தினப்போ அவர் அங்க இல்லை. பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டிருந்ததுன்னு இவ சொன்னதும் நிஜம்."

அப்பா ஒரு பிஸ்கட்டை எடுத்தார். தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"எனக்கு முதல்லேருந்தே ஒரு உறுத்தல். பெட்டி திறந்து கிடக்கு, ரெண்டு தோடு பக்கத்துப் பக்கத்துல. திருடறவன் ஒண்ணை ஏன் விட்டுட்டுப் போகணும்? ஒண்ணை மட்டும் எடுத்தவருக்கு வைரம் வேண்டாம். அந்த ஒண்ணு யார் கண்ணுலயும் படக் கூடாது. யார் கண்ணுல? லென்ஸைக் கொண்டுவந்திருக்கீங்களான்னு வாசல்லயே வெச்சுக் கேட்டாரே, அவர் கண்ணுல. மாமா, நீங்க தொட்டுத் தொட்டுப் பார்க்கிற அந்தச் சட்டைப் பையில என்ன இருக்கு?"

அப்பா கைக்குட்டையை எடுத்தார். நாலாக மடித்த அதற்குள் தோடு மினுங்கியது.

"போன மாசம் உனக்குத் தெரியாம பளபளன்னு ஆக்கி வெக்கலாம்னு பழைய பிரஷ்ஷால தேய்ச்சேன்," என்றார் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "நடுக்கல் கழண்டு வாஷ்பேசின்ல விழுந்துடுச்சு. பைப்பைக் கழட்டித்தான் எடுத்தேன். எடுத்து... ஒட்டிட்டேன்."

"எதால?"

அப்பா முக்காலியைப் பார்த்தார். எல்லோர் கண்ணும் முக்காலியின் கொக்கிக்குப் போனது. அங்கே மஞ்சளாகப் பசை வழிந்து காய்ந்திருந்தது.

"செருப்பு ஒட்டற பசையாலயா?" அம்மாவின் குரல் மேலே ஏறியது. "என் வைரத்தை?"

"அவர் லென்ஸ் வெச்சுப் பார்த்தா மானம் போயிடுமேன்னு எடுத்துட்டேன். யாரோ படி இறங்கற சத்தம் கேட்டுது, பாத்ரூமுக்குள்ள புகுந்துட்டேன். அப்புறம் நேரா தோட்டத்துக்கு. அவர் கிளம்பினதும் திருப்பி வெச்சுடலாம்னு பார்த்தேன். நீ இன்னைக்கே இவளுக்குக் குடுக்கப்போறேன்னு எனக்குத் தெரியாதே."

"இந்தப் பொண்ணு பேர் அடிபட்டப்போகூட வாயைத் திறக்கலையே மாமா?"

"திறக்கத்தான் பார்த்தேன். அதுக்குள்ள இவன் படத்தைக் கொண்டுவந்து, நான் தோட்டத்துலதான் இருந்தேன்னு நிரூபிச்சுட்டான். ஒரு நிமிஷம் எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு." அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். வேடிக்கை போய்விட்டிருந்தது. "தப்பு என்னுதும்மா. உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன்."

அவள் பதில் சொல்லும் முன் அவளுடைய அப்பா கை நீட்டித் தோட்டை வாங்கினார். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"கல்லு முதல் தரம்," என்றார். லென்ஸை எடுக்காமலே சொன்னார்: "பசையும் மோசமில்லை. நான் போற கடை ஆசாரிகூட இவ்வளவு நேரா வெச்சிருக்க மாட்டான் சம்பந்தி."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். கன்னத்தில் குழி விழுந்தது. அதன் பிறகு யார் எப்போது சிரித்தார்கள் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வரி மறந்துபோயிருந்தது.

"நான் உன் பையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது."

"ஒரு செகண்டுதானே ஆன்ட்டி."

"அந்த ஒரு செகண்டை நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் காதிலிருந்த சின்ன வளையங்களைக் கழற்றினாள். "நீங்களே போட்டு விடுங்க அத்தை. சரியாப் போயிடும்."

ஆன்ட்டி அத்தை ஆனதைக் கவனித்த சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ வெகு அக்கறையாகத் துடைத்தான். கண்ணாடியை அல்ல.

இன்ஸ்பெக்டர் இதற்குள் கேமராவை எடுத்து மெனுவைத் துழாவிக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஒரு தடவை அழுத்தினா மூணு ஷாட்டையும் அதுவே எடுக்கும்னு இதுல போட்டிருக்கே?"

வாத்தியார் எட்டிப் பார்த்தான். "பாடத்துல இது வரலையே."

"இது தெரிஞ்சிருந்தா மூணும் ஒரே மூச்சுல முடிஞ்சிருக்கும். மாமாவும் தப்பிச்சிருப்பார். நல்லவேளை, உங்களுக்குத் தெரியலை."

மூன்று வாரத்தில் கேமராவுக்கு அவள் சொன்ன முதல் பாராட்டு அது. வாத்தியார் அதை அப்படியே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

எல்லோரையும் சோபாவில் நெருக்கி உட்கார வைத்தான். டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து மனைவியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "யாரும் அசையாதீங்க!"

டக், டக், டக்.

அந்தப் படம் இன்றைக்கும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஆறு பேர் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் மூன்று வலது கை. ஒன்று முழங்கால் மேல். ஒன்று புகை மாதிரி அந்தரத்தில். மூன்றாவது, புது மருமகளின் காதுக்குப் பக்கத்தில், கல் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.