அருமைநாயகம் கொடுத்த எடை

செவ்வாயின் ஐந்தாம் குடியிருப்பில் கை தூக்கி வாக்களிக்கும் பழக்கம் ஒழிந்து பல காலமாகிவிட்டது. நீர்க்குழுவினர் ஐந்து பேரும் நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு இசைவுமானியின் முன் உட்கார்ந்தார்கள். நிலத்தடிப் பனியை எட்டக்கூடிய துளைக்கம்பி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வடக்குச் சரிவில் தோண்ட வேண்டும் என்றார் அருமைநாயகம். பள்ளத்தில்தான் தோண்ட வேண்டும் என்றாள் தங்கபுஷ்பம். யாருடைய இடம் தேர்வாகிறதோ அவரே தலைமைத் துளைப்பாளர்.

அந்தப் பதவியை எண்ணித்தான் அருமைநாயகம் இந்தக் கிரகத்துக்கே வந்தார். புஷ்பம் கடைசியாக வந்த கப்பலில் வந்தவள். வந்த நாள் முதல் எல்லார் வாயிலும் அவள் பேர்தான். அவளுடைய அறிக்கை ஒவ்வொன்றையும் அவர் வரி விடாமல் படித்தார், பிழை பிடிக்க. அவள் பேசினால் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார், எங்கேயாவது தடுமாறுவாளா என்று. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் சிரித்தால் இவருக்குச் சோறு இறங்காது.

பட்டையைக் கட்டும்போது, கருவியை இயக்கும் சுடலைமுத்துவிடம் மெல்லக் கேட்டுவைத்தார். “ஒருத்தர் பேச்ச நான் சல்லிக்காசுக்கு மதிக்கலன்னா, இதுக்குத் தெரியுமா வே?”

“மனசுல உள்ளது அப்படியே தெரியும் அண்ணாச்சி. வாயால சொல்லுதத அது கேக்கவே கேக்காது.”

இசைவுமானியின் வேலை அதுதான். ஒருவர் மனம் மற்றவர் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று அளந்து, அந்த விகிதத்தில் எல்லார் கருத்தையும் கலக்கும். கலந்ததை மறுபடியும் கலக்கும், அனைவர் கருத்தும் ஒன்றாகும்வரை.

தொடக்கத்தில் மூன்று பேர் வடக்கின் பக்கம், இரண்டு பேர் பள்ளத்தின் பக்கம். அருமைநாயகம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் முடிவு வந்தது: பள்ளம்.

“கோளாறு வே! என் கணக்கத் திற, பாப்போம்.”

சுடலைமுத்து திறந்தான். தம் சொல்லுக்கே அவர் கொடுத்திருந்தது நூற்றில் எட்டு. புஷ்பத்தின் சொல்லுக்கு எண்பத்தைந்து.

“இவள நான் மதிக்கேனா?”

“பொறாமைக்குன்னு இதுல தனி முள்ளு கிடையாது அண்ணாச்சி. யாரு சொல்லு ஒங்க மனச எவ்வளவு அசைக்குன்னுதான் பாக்கும்.” சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினான். “ஒங்கள நம்புன ரெண்டு பேரு எடையும் ஒங்க வழியாத்தான் புஷ்பத்துக்குப் போயிருக்கு. இல்லன்னா வடக்குதான்.”

பிழை பிடிக்கப் படித்த அறிக்கைகளில் ஒரு பிழைகூட அகப்படவில்லை என்பதை அருமைநாயகம் யாரிடமும் சொன்னதில்லை.

புஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க என்னப் பாத்து மொறைக்கியன்னுல்லா நெனச்சேன்!”

குழுத்தலைவர் இருளப்பன் எழுந்து வந்து அருமைநாயகத்தின் தோளில் தட்டினார். தலைமைத் துளைப்பாளரின் சொல்லுக்கு எவர் அதிக எடை கொடுக்கிறாரோ, அவரே பணி முடியும்வரை கூட இருக்கும் துணையாளர். அது குடியிருப்பின் சட்டம்.

“தொணைக்கு ஆளு தேடுத வேல மிச்சம். நாளைலேருந்து அவ கூடவே இரும்.”

“என்ட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா வே?”

“அதான் கேட்டாச்சுல்லா,” என்றார் இருளப்பன்.