சாவுக்கு முன்பணம்!

போன் அலறியது!

நார்பர்ட் டெஸ்மர் எடுத்தார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்தச் சின்ன ஊருக்கு ஒரே சவ அடக்க நிலையம் அவருடையதுதான். அழுகுரலுக்குப் பழகிய காது.

"நார்பர்ட்... ராண்டல் பேசறேன். எங்கம்மா... போய்ட்டாங்க!"

"யாரு... வெர்னாவா?"

"ஆமா. சமையல்கட்டுல சரிஞ்சு கெடக்கறாங்க. மாரடைப்புதான்..."

நார்பர்ட் நிமிர்ந்தார்.

எதிர் நாற்காலியில் வெர்னா லிண்ட்க்விஸ்ட் காபி குடித்துக்கொண்டிருந்தாள்!

எழுபத்தொன்பது வயது. கையில் நடுக்க நோய். பார்வையில் துளி நடுக்கம் இல்லை. உதட்டில் விரல் வைத்து, ஸ்பீக்கரைப் போடச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"உடனே வண்டி அனுப்பட்டுமா, ராண்டல்?"

"அதிருக்கட்டும். அவங்க உங்ககிட்ட முன்பணம் கட்டியிருக்காங்கல்ல... அந்த ஆடம்பரமெல்லாம் கேன்சல்! சும்மா எரிச்சுட்டு மிச்சத்தை என்கிட்ட குடுத்துடுங்க."

"நேர்ல வாப்பா... பேசிக்கலாம்."

போனை வைத்தார்.

"என்ன வெர்னா இது?"

"முப்பது வருஷமா அவனுக்கு நான் சித்தி. ஒருநாளும் அம்மான்னு கூப்பிட்டதில்ல. செத்தாத்தான் அம்மா போலிருக்கு!"

வெர்னாவின் குரல் லேசாக உடைந்தது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலையில என் ஓட்ஸ் கஞ்சியில மாத்திரையைப் பொடிச்சுக் கலந்தான். ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சுது. 'நீ கெளம்புப்பா, சாப்பிடறேன்'னேன். கிண்ணத்தோட ஷெரீஃப் ஆபீஸுக்குப் போயிட்டேன். அடுத்து அவன் இங்கதான் போன் பண்ணுவான்னு தெரியும், டெபுடியோட பின்வாசல் வழியா வந்துட்டேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. ஷெரீஃபின் டெபுடியான போலீஸ் அதிகாரி கோலீன் ஹாஸ் தலையை நீட்டினாள்.

"செத்துட்டீங்களான்னு திரும்பிப் போய்ப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியமில்ல! ஆனா கிண்ணம் மட்டும் போதாது, வெர்னா. அவன் வாயால வரணும்."

"வரும்... என்னைப் பார்த்தா தானா வரும்!"

சற்று நேரத்தில் ராண்டலின் டிரக் வாசலில் உறுமி நின்றது. சவப்பெட்டிகள் வரிசையாக இருந்த கூடத்துக்குள் வேகமாக நுழைந்தான்.

"கஞ்சியில கொஞ்சம் உப்புக் கம்மி, ராண்டல்!"

"ஐயோ...!"

அலறியபடி பின்வாங்கி ஒரு பெட்டியில் மோதினான்.

"நீ... எப்படி? நான் போட்ட மாத்திரைக்கு ஒரு மாடே சாஞ்சிருக்கணும்!"

"கேட்டாச்சு!" கோலீன் வெளியே வந்தாள். விலங்கு மாட்டினாள்.

ராண்டலுக்கு வெறி ஏறியது. "அது எங்கப்பா நிலம்! அதை வித்துட்டு முதியோர் இல்லத்துக்கா போற?"

"உங்கப்பா போனப்புறம் அந்த நிலத்துல சோளம் போட்டது யாருடா? நானு! இப்போ கை ஓயுது. நான் வரி கட்டின அரசாங்கம் என்னைப் பார்த்துக்கட்டும். பிச்சையா கேக்கறேன்?"

"அப்போ நிலம் வித்த பணம்?"

"கையில காசு இருந்தா, முதியோர் இல்லச் செலவுக்கு அரசாங்கம் ஏழைங்களுக்குத் தர்ற மெடிக்கெய்ட் உதவி கெடையாது. சாவுச் செலவுக்கு முன்னாடியே கட்டிட்டா, அதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. அதான் வெங்கலப் பெட்டி, பேண்டு வாத்தியம், ஊருக்கே ஹாம் சாண்ட்விச்! எல்லாம் திருப்பி வாங்கவே முடியாத ஒப்பந்தம். என்னைக் கொன்னிருந்தா உனக்கு ஒரு சாண்ட்விச் கெடைச்சிருக்கும்!"

ராண்டல் நார்பர்ட்டைப் பார்த்தான். "ஒரு டாலர்கூட வராதா?"

"வராதுப்பா." நார்பர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா அவங்க உன்னை மறக்கலை. குடும்பத்தாருக்கும் கல்லறை வாங்கி வைக்கலாம்னு சட்டம் இருக்கு. போன மாசமே உனக்கு ஒரு இடமும் பெட்டியும் வாங்கிட்டாங்க."

ராண்டலின் முகம் வெளுத்தது.

"எனக்கா...? கேன்சல் பண்ணுங்க!"

"அதுவும் கேன்சல் ஆகாது."

கோலீன் அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். வெர்னா ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"என் பக்கத்து இடம்தான், ராண்டல்! ஆனா எனக்கு அவசரமில்ல... நீ வேணா முன்னாடி போ!"