ஆவுடையப்பன் காரில் ஒரு லொடக்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, புரோத்ராபூர் திருப்பத்தில், ஆவுடையப்பனின் பொறுமை உயிரை விட்டது. சாட்சி ஒரே ஒருவன், டிரைவர் குணா.

“நிறுத்துலே வண்டிய!”

குணா நிறுத்தினான். வண்டி நின்றதும் சத்தமும் நின்றது. அந்தச் சத்தத்தின் குணமே அதுதான். ஓடும்போது லொடக். வளைவில் லொட லொடக். பள்ளத்தில் இறங்கினால் லொடக்கோடு சேர்ந்து ஓர் உருளல். நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினால் மூச்சுப் பேச்சே இருக்காது.

ஆவுடையப்பன் திருநெல்வேலிக்காரர். வாலிப வயதில் கப்பலேறி அந்தமான் வந்து, கட்டட கான்ட்ராக்ட் எடுத்து, நன்றாகவே நிமிர்ந்துவிட்டவர். அவருக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, காரணம் தெரியாத சத்தம். இன்னொன்று, சாமி. கார்த்திகையில் இந்தக் காரை வாங்கியபோது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தவரை ஷோரூம் வாசலிலேயே தடுத்துவிட்டார். “எலுமிச்சம்பழம் நசுக்காம ஓடுத வண்டி இந்தத் தீவுல இது ஒண்ணுதான்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை வேறு. கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தக் காரில்தான் மூன்று வாரமாக லொடக்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. டாஷ்போர்டு இடுக்குகளில் ஃபோம் திணித்தார். கதவு ரப்பருக்கு சிலிகான் தடவினார். சீட் பெல்ட் கொக்கிக்குத் துணி சுற்றினார். குடை, ஹெல்மெட், ஜாக்கி, தண்ணீர் பாட்டில் என்று ஒன்று விடாமல் பழைய பனியன் உடுத்திவிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்தால் எலும்பு முறிவு வார்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நோயாளிகள் எல்லாரும் அமைதியாக இருந்தார்கள், லொடக் மட்டும் தீரவில்லை.

“குணா, இன்னைக்கு சாயங்காலம் சாவியக் குடுத்துட்டு ஊரு போய்ச் சேரு.”

“முதலாளி! நான் என்னங்க செஞ்சேன்?”

“மெக்கானிக் ஓட்டுனா சத்தம் இல்ல. நீ ஓட்டுனா சத்தம். இதுக்கு என்ன அர்த்தம்? வண்டிக்குள்ள எங்கயோ பிராந்தி பாட்டில ஒளிச்சு வச்சு, படகுல அக்கரைக்குப் போவும்போது பாம்பூஃப்ளாட்டுல விக்கெ. நான் என்ன கேணையனா?”

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் குணா. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அங்கே குடியேற்றப்பட்ட குடும்பம். சித்திரையில் பானுவோடு கல்யாணம். பானுவின் அப்பா சம்மதித்ததே, மாப்பிள்ளை போர்ட் பிளேயரில் நிலையான வேலையில் இருக்கிறான் என்பதற்காகத்தான். வேலை போனாலே கஷ்டம். திருட்டுப் பட்டத்தோடு போனால் கல்யாணம் நடக்காது. வண்டியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பம்ப் செட் பக்கம் போய் நின்று அழுதான்.

அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவள் ஷீலா. ஆவுடையப்பனின் அக்கா மகள், போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். இடது கையில் மாவுக்கட்டு. திருடனைத் துரத்தும்போது விழுந்ததாக ஊரில் பேச்சு. உண்மையில் படகுத்துறையில் மீன் செதிலில் வழுக்கி விழுந்தாள். மருத்துவ விடுப்பு போரடித்து, ஒரு நல்ல கேஸ் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

குணாவிடம் பாதி, மாமாவிடம் மீதி என்று கதையைக் கேட்டு முடித்தாள்.

“மாமா, சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்கள்ல? போதும், அதுவரைக்கும் கேஸ் என்னோடது.”

“கேஸ்தான் முடிஞ்சு போச்சே.”

“ஆதாரம்?”

“அவன் முழியே சரியில்ல.”

“மூணு வாரமா நீங்க திட்டுனா யார் முழியும் அப்படித்தான் இருக்கும்.”

காராசர்மா ரோட்டில் மெக்கானிக் இராமகிருஷ்ணனின் ஷெட். ஞாயிறென்றால் பாதி ஷட்டர் திறந்திருக்கும். ஷீலா குனிந்து உள்ளே போனாள். ஆவுடையப்பனும் பின்னாலேயே போய், சரியாகக் குனியாமல் இடித்துக்கொண்டார்.

“சத்தம் கேட்டீங்களா?”

“பில்குல் இல்ல மேடம். மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். மக்கன் மாதிரி, வெண்ணெயா வழுக்கிட்டுப் போகுது.”

“கதவுக்குள்ள பாட்டில் ஏதாவது?”

“கழட்டிப் பாத்தாச்சு. சீட்டுக்குள்ளயும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல.”

“டெஸ்ட் எப்படிப் பண்ணுவீங்க?”

“மொதல்ல வண்டியைக் காலி பண்ணுவேன். குடை, பெட்டி, ஜாக்கி, பாட்டில் எல்லாம் இந்த டேபிள் மேல வந்துரும். கஸ்டமர் சாமான் ஒண்ணு காணாமப் போனா நம்ம தலைதானே உருளும்? அதுக்கப்புறம்தான் சாவியைத் தொடுவேன்.”

“ஓட்டி முடிச்சதும்?”

“எது எங்க இருந்துச்சோ அங்கயே வச்சுருவேன். அதுல கரெக்ட்டா இருப்பேன்.”

ஷீலா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். “வண்டில இருக்கிற சாமான் பூரா துணி சுத்தியிருக்கீங்களா?”

“எல்லாத்துக்கும்தான். முதலுதவிப் பெட்டிக்கு மட்டும் சுத்தல. அத வாங்குன அன்னைக்கே பஞ்சும் கட்டுத்துணியுமா நானே திணிச்சு, டேப் ஒட்டி, முன் சீட்டுக்கடியில வச்சேன். பஞ்சு சத்தம் போடுமா? குடையில ஒரு கம்பி லூசு. அதான் ரெண்டு பனியன்.”

மதியம். ஷீலா அடுப்படிக்குப் போனாள். அந்த வீட்டில் சாமி இருக்க அனுமதி பெற்ற ஒரே இடம் அதுதான். கல்யாணம் ஆன வருடமே புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுச் செய்துகொண்ட ஏற்பாடு. அலமாரி மூலையில் ஒரு சின்ன விளக்கு, ஒரு முருகன் படம். அத்தை அமிர்தவல்லி, நீலத் தாள் சுற்றிய பஞ்சுச் சுருளிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் திரி உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒரு கேள்வி. காருக்குள்ள நீங்க ஏதாவது வச்சீங்களா?”

அமிர்தவல்லியின் கையில் திரி அறுந்தது. “நானா? சத்தம் போடுத சாமான் ஒண்ணும் நான் வைக்கலட்டி.”

“டீக் ஹை, அது இருக்கட்டும். எப்ப இருந்து சத்தம்?”

“மாசிக் கடைசியில இருந்துதான். தையில திக்லிபூர் போயிட்டு வந்தோம்லா, சொர்ணம்மா மதினி வீட்டுக்கு? அந்த ரோட்டுல எத்தனை குண்டு, எத்தனை குழி! அப்பகூட வண்டி கம்முன்னு வந்துச்சு. ஏட்டி, அந்தக் குணாப் பயல விட்டுரச் சொல்லேன் உங்க மாமாட்ட. அவன் அழுததப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல.”

பால் பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை, ஷீலாதான் அணைத்தாள்.

டீயை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள் ஷீலா. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜெயராணி டீச்சர் தார்ப்பாயில் பாக்கு காயப்போட்டிருந்தார். ஒரு பாக்கை எடுத்துக் காதருகே குலுக்குவார். ஒன்றை இந்தக் குவியலில் போடுவார், இன்னொன்றை அந்தக் குவியலில் போடுவார்.

“என்ன டீச்சர், பாக்கு என்ன சொல்லுது?”

“காஞ்சா உள்ள கொட்டை ஆடும்மா. ஆடலைன்னா இன்னும் வெயிலு வேணும்னு அர்த்தம்.”

“எத்தனை நாள் காயணும்?”

“நல்ல வெயிலா இருந்தா ஒண்ணரை மாசம்.”

ஷீலா டீயை மதில்மேல் வைத்தாள். அப்புறம் அதைக் குடிக்க மறந்தே போனாள்.

சாயங்காலம் எல்லாரும் வாசலில் கூடினார்கள். தோளில் பையோடு குணா. சாவிக்காகக் கை நீட்டிக்கொண்டு ஆவுடையப்பன். நிலைப்படியில் அமிர்தவல்லி. சம்மன் இல்லாமலே வந்துவிட்ட இராமகிருஷ்ணன்.

“மாமா, நீங்க தேடுனது தப்பான ஆளை மட்டும் இல்ல, தப்பான நாளையும்தான்,” என்று ஆரம்பித்தாள் ஷீலா. “மூணு வாரமா சத்தம், அதனால மூணு வாரத்துக்குள்ள யாரோ எதையோ வச்சிருக்கணும்னு கணக்குப் போட்டீங்க. அந்தச் சாமான் தையில இருந்தே வண்டிக்குள்ளதான் இருக்கு.”

“அப்ப தையிலேயே சத்தம் போட்டிருக்கணும்லா?”

“அப்ப அது பச்சை. வாய் பேசல.”

யாருக்கும் புரியவில்லை. நிலைப்படியில் நின்றவளுக்கு மட்டும் முகம் வெளுத்தது.

“இராமகிருஷ்ணன் ஓட்டுனா சத்தம் ஏன் இல்ல? அவர் சாமானை எல்லாம் டேபிள்ல வச்சுட்டு ஓட்டுறார். அப்ப சத்தம் வண்டில இல்ல, சாமான்ல இருக்கு. சாமான் பூரா பனியன் போட்டிருக்கு. போடாதது ஒண்ணே ஒண்ணு.”

முன் சீட்டுக்கடியில் கைவிட்டு முதலுதவிப் பெட்டியை இழுத்தாள். ஆவுடையப்பனின் காதருகே பிடித்துக் குலுக்கினாள்.

லொடக்.

மூன்று வாரப் பகையாளியை நேருக்கு நேர் கேட்ட ஆவுடையப்பன் ஓரடி பின்வாங்கினார். “அதுல பஞ்சுல்லா இருக்கு!”

“இருந்துச்சு. நீங்க ஒட்டுன டேப்பை அறுத்து, மேல புது டேப் ஒட்டியிருக்கு, பாருங்க. பஞ்சை எடுத்தாத்தானே உள்ள இடம் கிடைக்கும்? அந்த மருந்துக்கடைப் பஞ்சு நீலத் தாளோட அடுப்படில இருக்கு. மதியம் நான் பாக்கும்போது திரியாகிட்டு இருந்துச்சு. எலுமிச்சம்பழத்தையே விரட்டுனவர் வீட்டுல திரி உருட்டுறது யாரு?”

பெட்டியைத் திறந்தாள். கட்டுத்துணிக்கு நடுவே ஒரு குட்டி எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் சிவப்பு நூல் சுற்றி, குங்குமம் அப்பிய ஒரு பாக்கு. மட்டை உரிக்காத முழுப் பாக்கு, காய்ந்து பழுப்பேறி, டப்பாவுக்குள் தாராளமாக உருண்டது. குலுக்கினால் உள்ளே கொட்டையும் ஆடியது.

“நான் கேட்டது, காருக்குள்ள ஏதாவது வச்சீங்களான்னு. அத்தை சொன்னது, சத்தம் போடுற சாமான் வைக்கலன்னு. ஒண்ணுமே வைக்காதவங்க அப்படிப் பாத்துப் பாத்துப் பேச மாட்டாங்க.”

அமிர்தவல்லி படியிறங்கி வந்தாள்.

“திக்லிபூர்ல சொர்ணம்மா மதினிக்குப் பக்கத்து வீட்டுல புது வண்டிக்குப் பூஜை போட்டாவ. பண்டிட்ஜி இந்தி பேசுதவரு. அவங்க வழக்கத்துல பாக்குதான் பிள்ளையாராம். நம்ம மஞ்சப் பிள்ளையார்னா வண்டிக் குலுக்கல்ல உதிர்ந்துரும், பாக்குன்னா நிக்கும்னு எனக்கும் ஒண்ணு பிடிச்சுத் தரச் சொன்னேன். காஞ்ச பாக்கு கொண்டான்னாரு. தோட்டம் பூரா பாக்கு, வீட்டுல ஒரு காஞ்ச பாக்கு இல்ல, எல்லாத்தையும் வித்துட்டாவ. மரத்துலருந்து விழுந்த பச்சையக் குடுத்தேன். டப்பாவுல கெட்டியா உக்காந்துச்சு. குலுக்கிக்கூடப் பாத்தேன், சத்தமே இல்ல.”

“எதுக்குட்டி இந்தத் திருட்டுத்தனம்?” ஆவுடையப்பன் கத்தினார்.

“பயம்தான். தெனமும் வண்டியப் படகுல ஏத்துதீங்க, இறக்குதீங்க. கீழ கடல். நீங்க வீடு வந்து சேருத வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. இதுதான் அந்தச் சத்தம்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளைய அழ விட்டிருப்பேனா?”

பெண்டாட்டி தனக்காக இத்தனை பயந்திருக்கிறாள் என்பது ஆவுடையப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் அவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு இல்லை. அவர் குணாவிடம் போனார். அவன் தோளிலிருந்த பையைத் தானே இறக்கினார்.

“தப்பு எம்பேருலதான்லே. உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிரு. பானு அப்பாட்ட நானே போன் போட்டு, எம்புட்டு நல்ல பயன்னு சொல்லுதேன்.”

“அதெல்லாம் வேணாங்க முதலாளி,” என்ற குணா மறுபடி அழுதான். இராமகிருஷ்ணன், இனிமேல் சாமானோடும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதாகப் பொதுவாக அறிவித்தார்.

திங்கட்கிழமை காலை. பனியன்களைக் களைந்துவிட்ட வண்டி சாத்தம் படகுத்துறையை நோக்கி ஓடியது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை. மூன்று வாரமாக ஆவுடையப்பன் கேட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. அவர் இரண்டு தடவை சீட்டுக்கடியில் எட்டிப் பார்த்தார்.

படகில் வண்டி ஏறியது. முன்னால் ஒரு செங்கல் லாரி. பாதி வழியில் படகு ஒரு சாய் சாய்ந்தது. லாரி லேசாகப் பின்னால் உருண்டு, கார் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பாம்பூஃப்ளாட் கரை தெரிகிற வரைக்கும் ஆவுடையப்பன் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குணா.”

“முதலாளி?”

“அந்த டப்பா எங்க இருக்கு?”

“அம்மா அடுப்படியில வச்சிருக்காங்க.”

“அதுக்குள்ள பஞ்ச வச்சு அமுக்கிட்டா, சத்தம் வராதுல்லா?”

குணா கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான். “வராதுங்க.”

“அப்ப சாயங்காலம் எடுத்து அந்தப் பெட்டியில வச்சிரு. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, பாத்துக்கோ. ஆனா முதலுதவிப் பெட்டிய அரைகுறையா வச்சிருக்கக் கூடாது.”