தொய்யாத நூல்

மகள் பேப்பர் கப்பைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினாள். "ம்... ம்... சரி," என்றாள். நூலின் இந்த முனையில் இருந்த அம்மா இன்னும் வாயே திறக்கவில்லை. ஊசி குத்திய கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு, தன் கப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னும் பேசவே இல்லையேடி."

"தெரியும்," என்றாள் மகள், உள்ளறை வாசலில் நின்றபடி.

வேறொரு நாளாக இருந்தால் அம்மா சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை, கணவன் வீடு வந்து சேர இரவாகிவிடும், அவளுடைய சாப்பாட்டு இடைவேளையோ முடியப்போகிறது. வீட்டிலிருந்தபடியே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. ஊராருக்குக் கொடுத்துக் கொடுத்தே பொறுமை தீர்ந்துவிடும். வீட்டுக்கு மிஞ்சுவது எரிச்சல்தான். காலையில் டீம் லீடர் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை லைன்ல குழந்தைச் சத்தம் கேட்டுச்சுன்னா, நாளையிலேருந்து நீங்க லாகின் பண்ண வேண்டாம்."

அதற்காகத்தான் இந்தப் பொம்மை வேலை. வீட்டில் கிடப்பதை வைத்து ஐந்தே நிமிடத்தில் பொம்மை என்று ஒரு வீடியோ. அதில் வருகிற குழந்தைகள் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்குகின்றன, பசையைத் தலையில் தேய்த்துக்கொள்வதில்லை. இங்கே தீப்பெட்டி ரயில் பசை காய்வதற்குள் தடம் புரண்டது. சாக்ஸ் முயல், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை; நியாயமாகச் சொன்னால் குரங்காகக்கூட முடியவில்லை. ஒவ்வொன்றும் பாழாகும்போது மகள் துளியும் வாடாமல் முகத்தை நிமிர்த்திக் கேட்பாள்: "அம்மா, இப்ப நாம என்ன செய்யலாம்?" அந்தக் கேள்வியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் இந்த டெலிபோன் ஒன்றுதான் உருப்பட்டது. இரண்டு கப்புகளின் அடியிலும் ஊசியால் துளை, துளைக்குள் தையல் நூல், நூல் உருவிக்கொள்ளாமல் உள்ளே அரைத் தீக்குச்சி. "நூல் விறைப்பா இருக்கணும், தொய்ஞ்சா குரல் போகாது," என்று எத்தனை தடவை சொல்லியும் மகளுக்கு மண்டையில் ஏறவில்லை. கப்பைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து அம்மாவின் மடியில் விழுந்து, தரையில் புரளும் நூலில் "ஹலோ" சொன்னாள்.

இடைவேளை முடிந்ததற்கான மணி கம்ப்யூட்டரில் அடித்தது. அம்மா தன் கப்பை எடுத்துக்கொண்டு போய் உள்ளறை பீரோவின் கைப்பிடியில் கட்டினாள். அந்த அறையில் பல்பு போய் எத்தனையோ நாளாயிற்று. கணவன் இன்று, நாளை என்று கடத்திக்கொண்டிருந்தான். பகலிலேயே அங்கே இருட்டு. ஈரச் சுவரும் மடித்துவைத்த பழைய துணியும் சேர்ந்த வாடை மூக்கில் ஏறியது.

"அந்தப் பக்கம் யாரும்மா பேசுவா?"

"யாராவது பேசுவாங்க. அவங்களோட விளையாடு, போ. என்கிட்ட வராத."

சொன்ன வேகத்திலேயே அதை மறந்தும் போனாள்.

முதல் அழைப்பு முடிவதற்குள் மகள் வந்து நின்றாள். நல்லவேளை, கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். ஒரு தலையணை உறை வேண்டுமாம். அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு அலமாரியைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை.

"எதுக்குடி அது?"

"பாப்பா பொம்மை செய்யறா. விரல் வேணுமாம்."

எந்தப் பாப்பாவோ, எங்கிருந்து வந்தாளோ, இவளை வைத்துக்கொண்டிருந்தால் சரி. கையுறை போயிற்று. அதற்குப் பிறகு கிழிந்த நைட்டி போயிற்று. வெளியே மழை தணிந்து, ஜன்னலில் வெளிச்சம் பாசி நிறமாக மங்கிக்கொண்டு வந்தது. உள்ளறையிலிருந்து துணியைத் துணிக்குள் அமுக்கித் திணிக்கிற மெத்தென்ற சத்தமும், இடையிடையே கத்தரிக்கோல் கடிக்கிற சரக், சரக் என்ற சத்தமும் வந்தன. வாடிக்கையாளர் ஒருவரின் திட்டைக் கேட்டுக்கொண்டே அவள் மேஜையைப் பார்த்தாள். கத்தரிக்கோல் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மகள் வேறு ஒன்று எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் வேறு கத்தரிக்கோல் உண்டா என்று யோசிக்க நேரமில்லை.

"அம்மா, உன் சீப்புல இருக்கிற முடி வேணும்."

திட்டியவர் அப்போதுதான் போனை வைத்திருந்தார். அவள் சீறினாள். "எதை வேணா எடுத்துட்டுப் போடி! என்னை விட்டாப் போதும்!"

மகள் அசையாமல் பார்த்தாள். "எதை வேணாவா?"

"எதை வேணா. போ."

பிறகு அமைதி. வாய் ஓயாத பிள்ளையின் வீட்டில் அப்படி ஓர் அமைதி சர்க்கரையாக இனித்தது. அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "உங்க சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். லைன்லயே இருங்க." "புரியுதுங்க. லைன்லயே இருங்க." அவள் குரல் அவளுக்கே பிடிக்கிற அளவுக்கு இதமாக வழுக்கிக்கொண்டு போனது. வேலை போகாது என்று தோன்றியது.

அப்போது ஒரு பெரியவர், தண்ணீர் ஒழுகும் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றதையெல்லாம் பின்னாடி இன்னொரு அம்மா சொல்லிச் சொல்லிப் பாக்கறாங்களே... புதுசா வேலை பழகறவங்களா?"

"இங்க யாரும் இல்லையே சார்."

"இல்லையா? அச்சு அசல் உங்க குரலா இருக்கே."

அவள் திரும்பினாள்.

நாற்காலிக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் மகள் நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் கப்பைத் தூக்கி, அதன் வாயை அம்மாவின் பக்கம் நீட்டிக்கொண்டு. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாளோ, கைகள் நடுங்கின. கப்பின் அடியிலிருந்து நூல் கிளம்பி, கூடத்தைக் கடந்து, உள்ளறை இருட்டுக்குள் நேராகப் போனது.

விறைப்பாக.

"இங்க வா," என்றாள். மகள் ஓரடி முன்னால் வந்தாள். நூல் தொய்யவில்லை. இன்னும் ஓரடி. தொய்யவில்லை. மடிவரை வந்துவிட்டாள். நூல் அளந்து இழுத்த கோடாகவே நின்றது. அந்தப் பக்கம் யாரோ நிதானமாக அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ? ஹலோ?" என்றார் பெரியவர். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அந்தப் பக்கம் யாருடி பிடிச்சிருக்கா?"

"பாப்பாதான். பேச்சு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. இப்ப வந்துடுச்சாம்."

"எதுக்குப் பேச்சு?"

"அம்மா பொம்மைக்கு. அவளுக்கு அம்மா இல்லல்ல, அதான் நாங்க செஞ்சோம்."

பயம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. நாளெல்லாம் நடந்து பழகிய வழி அது. கப்பைப் பிடுங்கி எறிந்தாள். நூலை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். பல்லால் கடித்தாலே அறுந்துவிடும் தையல் நூல். அறவில்லை. தோலில் பதிந்தது. பிறகு, ஒரு குழந்தை தாயின் முந்தானையை இழுப்பதுபோல், அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல இழுத்தது.

அவள் எழுந்தாள். கால் தானாக நடந்தது. "நீ இங்கயே இரு," என்று மகளிடம் சொன்னாள்.

"அம்மா," என்றாள் மகள் பின்னாலிருந்து. "ஆனா பாப்பாவுக்கு அது பிடிக்கலையாம். பொம்மைதானேங்கறா. மாத்திக்கலாமான்னு கேட்டா."

அவள் அதற்குள் வாசற்படியைத் தாண்டியிருந்தாள்.

"நீதானேம்மா சொன்ன, எதை வேணா எடுத்துக்கன்னு."

இருட்டு. ஈரத் துணி வாடை. மெத்தென்று ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு வெளியே போனது. திரைச்சீலை என்று நினைத்தாள். அந்த வாசலுக்குத் திரைச்சீலை கிடையாது.

திரும்பினாள். கதவு பாதி சாத்தியிருந்தது. அந்த இடுக்கில் கூடம் தெரிந்தது, மேஜை விளக்கு தெரிந்தது. அவள் நாற்காலியில், முதுகு காட்டியபடி, கிழிந்த நைட்டி உட்கார்ந்திருந்தது. தலையணை உறைத் தலையில் கொத்துக் கொத்தாக அவள் முடி. புடைத்த ரப்பர் விரல்கள் ஹெட்செட்டை எடுத்து அழகாக மாட்டிக்கொண்டன.

"மன்னிக்கணும் சார். லைன்லயே இருங்க."

அவள் குரல். அவளுடையதேதான். அவள் கத்தினாள். கத்தியது வெளியே வரவில்லை. நூல் தொய்ந்ததுபோல் பாதியிலேயே நின்றுவிட்டது.

மகள் அதன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ரப்பர் கை அவள் தலையை வருடியது. "சொல்லுடா கண்ணு," என்றது அந்தக் குரல், நாள் முழுக்க அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத நிதானத்தோடு. மகள் சிரித்தாள். உள்ளறைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கதவு இடுக்கு குறுகிக்கொண்டே வந்தது. நூல் அவள் மணிக்கட்டைக் கீழே இழுத்தது. இருட்டில், இடுப்பு உயரத்தில், சில்லென்ற சின்ன விரல்கள் அவள் விரல்களுக்கு இடையே ஒவ்வொன்றாக நுழைந்தன.

"அம்மா, இப்ப நாம என்ன செய்யலாம்?"