கணக்குக்கு வயசு நாலு மாசம்!

போன் அலறியது.

ஸ்ரீஜித் உடனே எடுக்கவில்லை. அக்கா புருஷன் செத்த செய்தியை முதல் மணியிலேயே எடுத்துக் கேட்பது நன்றாகவா இருக்கும்?

ஆறாவது மணிக்கு எடுத்தான்.

"ஹலோ... ஆரு?"

"சப் இன்ஸ்பெக்டர் இசபெல் பேசுதேன். மயிலாடி ஜெயசிங் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்க அத்தான் மேடம். என்ன... என்னாச்சு?"

"திற்பரப்பு அருவிக்குக் கீழ, பாறைச் சந்துல பாடி கெடக்கு. ஸ்டேஷனுக்கு வாங்க."

"அய்யோ! அத்தான்...!"

நன்றாகவே அலறினான். காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு முறை பழகிப் பார்த்த அலறல்.

தள்ளிவிட்டது அவன்தான்.

நேற்று மாலை ஐந்தே முக்கால். மழை வெள்ளம். அருவியில் குளிக்கத் தடை. மேலே பாறையில் ஒரு ஈ, காக்கை இல்லை. முதுகில் ஒரே தள்ளு... முடிந்தது!

இன்று போலீஸ் 'தற்கொலை' என்று எழுதி பைலை மூடினால் ஸ்ரீஜித் தப்பித்தான்.

மூடாவிட்டால்... அதை அவன் நினைக்க விரும்பவில்லை.

* * *

பகல் பதினோரு மணி. ஸ்ரீஜித் ஸ்டேஷனுக்குள் நுழைந்தான்.

இசபெல் ரசவடையைச் சாயாவில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அறை மூலையில், பெஞ்சில் பகவதி. ஸ்ரீஜித்தின் அக்கா. அழுது முடித்து, கையிலிருந்த போனில் புருஷனின் படத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இரி மக்கா. சாயா குடிக்கியா?"

"வேண்டாம் மேடம். தொண்டையில எறங்காது."

"அப்ப ஒனக்குள்ளதையும் நானே குடிக்கேன்." குடித்தாள். "அத்தானக் கடைசியா எப்ப பாத்த?"

"போன செவ்வாக்கிழமை. கோட்டாத்துல எனக்க மொபைல் கடைக்கு வந்தாரு. அதுக்குப் பொறவு பாக்கவே இல்ல."

"நல்ல சிற்பி. கையில ஏழு சிலைக்கு ஆர்டர். எதுக்குச் சாவணும்?"

ஸ்ரீஜித் கண்ணைத் துடைத்தான். ஈரம் இல்லை. துடைத்தான்.

"கடன் மேடம்... அஞ்சு கடன்! ஒண்ணுக்கும் தவணை கெட்டல்ல. கல்லு அறுக்குற மெஷினுக்கு பேங்க்ல லோன் கேட்டாரு. சிபில் ஸ்கோர் அறுநூத்தி அறுவத்தெட்டுன்னு வெரட்டி விட்டுட்டாவ. முன்ன எழுநூத்தி எம்பத்திரெண்டு இருந்த மனுசன்! மானஸ்தன்... தாங்கல்ல."

"லேய்!" பகவதி நிமிர்ந்தாள். "அவரு ஆருகிட்டயும் அஞ்சு பைசா கைநீட்டி வாங்க மாட்டாருலே!"

"ஒனக்குத் தெரியாதுக்கா. ஆம்பளைய எல்லாத்தையும் வீட்டுல சொல்லுவாவளா?"

இசபெல் நிதானமாக எழுதினாள்.

"அறுநூத்தி... அறுவத்தெட்டு. நம்பர் சரிதான?"

"ரொம்பச் சரி மேடம்!"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"பேங்க் மேனேஜர் செல்வதாஸ் காலையில தந்தாரு. ஜெயசிங்குக்க சிபில் ரிப்போர்ட். அஞ்சு கடன் உண்டு. அஞ்சும் போன் வாங்குன கடன். ஆனா பாரு... எல்லாத் தவணையும் டாண்ணு ரெண்டாந் தேதி கெட்டியிருக்கு. ஒருநாள் பிந்தல்ல!"

ஸ்ரீஜித்துக்கு வியர்த்தது. ரிப்போர்ட்டில் தவணை விவரமெல்லாம் வருமா?

ஆனால் பயத்தைவிட ஒரு கேள்விதான் நேற்றிலிருந்து அவனைக் குடைந்தது. வாயை மீறி வந்துவிட்டது.

"பின்ன... ஸ்கோர் எதுக்கு மேடம் எறங்கிச்சு?"

"நல்ல கேள்வி. நானும் கேட்டேன். கணக்குக்கு வயசு உண்டாம் மக்கா! ஜெயசிங்குக்கு ஒரே ஒரு கிரெடிட் கார்டு. அதுக்கு வயசு பன்னெண்டு வருசம். அதான் அவருக்க நல்ல பேரு. அதுக்கூட திடீர்னு அஞ்சு பச்சப்புள்ளய வந்து சேந்துச்சு. மூத்ததுக்கே வயசு நாலு மாசம். சராசரி போட்டா பன்னெண்டு வருசம் ரெண்டேகால் வருசமாச் சுருங்கிப் போச்சு. போதாததுக்கு, அடுத்தடுத்து அஞ்சு தடவ கடன் கேட்டவன்னு வேற பதிவாயிருக்கு. ஒழுங்காக் கெட்டுனாலும் எறங்கும்!"

ஸ்ரீஜித் வாயைப் பிளந்தான். தவணை தவறாவிட்டால் ஸ்கோர் அசையாது, அத்தானுக்குத் தெரியவே தெரியாது என்றுதானே கடை வாடகையைக்கூட நிறுத்தி வைத்துக் கட்டினான்!

"கெட்டுனது எந்தக் கணக்குலேர்ந்துன்னு கடன் குடுத்தவனுவகிட்டயும் கேட்டேன். கோட்டாறு... ஒனக்க மொபைல் கடை."

"அது... அத்தானுக்கு ஒரு ஒதவி மேடம்!"

"சந்தோசம். அப்ப கடன் தொல்லை இல்ல. பின்ன எதுக்குச் செத்தாரு?"

ஸ்ரீஜித் இரண்டு கையையும் தூக்கினான்.

"சரி மேடம்! அவருக்க ஆதார வச்சு, அவரு பேருல சிம் போட்டு, போன் எடுத்து வித்தேன். களவாணின்னு எழுதிக்கிடுங்க. ஆனா கொலைகாரன் இல்ல! நேத்து அவரப் பாக்கவே இல்ல!"

"அப்ப அறுநூத்தி அறுவத்தெட்டு... ஆரு சொன்னா?"

"அ... அக்கா!"

"சிபில்னா என்னன்னே எனக்குத் தெரியாதுலே," என்றாள் பகவதி.

"மேனேஜர் அந்த ரிப்போர்ட்ட எடுத்துக் குடுத்ததே நேத்து மூணரைக்கு," என்றாள் இசபெல். "ஜெயசிங் வீட்டுக்குப் போகல்ல. பேப்பரு சட்டப்பையில கூழாக் கெடந்துச்சு. போன்ல சொன்னாருன்னு மட்டும் சொல்லாத. அவருக்க போன் மூணு நாளா ரிப்பேரு. ஒனக்க கடையிலதான் கெடக்கு. நேர்ல பாத்தவனுக்குத்தான் அந்த நம்பர் தெரியும்!"

ஸ்ரீஜித் எழுந்தான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உட்கார்ந்தான்.

"லேய்..." பகவதியின் குரல் இறங்கியிருந்தது. "ஓணத்துக்கு எனக்குத் தந்தியே. இந்தப் போனும் அதுல ஒண்ணா?"

ஸ்ரீஜித் தலையை ஆட்டினான்.

பகவதி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து ஒனக்க கடைக்கு வந்து அவரு என்ன சொன்னாரு?"

"'ஏம்லே மக்கா இப்படிச் செஞ்ச? கடன அடைச்சிரு. அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன்'னாரு..."

"பின்ன ஏம்லே கொன்ன?"

"நம்பல்லக்கா. திற்பரப்புல ஒருத்தன் பைசா தரணும், வாங்கித் தாரேன்னு கூட்டிட்டுப் போனேன்..."

பகவதி அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.

விலங்கு மாட்டப்பட்டது.

"மேடம்... எத்தன வருசம் கெடைக்கும்?"

இசபெல் கடைசி ரசவடையை எடுத்தாள்.

"இப்பதான மக்கா ஒனக்குப் புதுக் கணக்கு தொறந்திருக்கு! பதினாலு வருசம் மூடாம வச்சுக்க... ஸ்கோர் தன்னால ஏறும்!"