சத்தம் தின்னும் மூட்டைகள்

தையல்காரரின் மகளுக்கு வட்ட முகம். அதனால் தெருவே அவளைப் 'பொத்தான்' என்றுதான் கூப்பிடும்.

பள்ளிக்கூடத்தில் இடம் போதவில்லை என்று, பக்கத்திலிருந்த பழைய மாவுக் கிடங்கை அவள் வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். சுவரை உடைத்து ஜன்னல் வைத்தாயிற்று. வெள்ளையும் அடித்தாயிற்று. ஆனால் உள்ளே குடியிருந்த எதிரொலியை மட்டும் யாராலும் காலி செய்ய முடியவில்லை.

"ஏழும் எட்டும் எத்தனை?" என்று டீச்சர் கேட்டதும், "தனை... தனை..." என்றது கூரை.

"டீச்சர், கூரைக்கும் விடை தெரியலையாம்!" என்றாள் பொத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சு நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. அவன் காதில் கேட்கும் கருவி போட்டிருப்பவன்.

"ஏன்டா உம்முனு இருக்கே?" என்று இடைவேளையில் கேட்டாள்.

"பத்துப் பேர் ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு. ஒண்ணும் புரியல. அடுத்த மாசம் வேற பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்னு அம்மா சொல்றாங்க."

பொத்தானுக்குச் சுருக்கென்றது. நேராக டீச்சரிடம் ஓடினாள்.

"கூரைக்குக் கீழ பலகை அடிச்சா சரியாகும்மா," என்றார் டீச்சர். "ஆனா பழைய கூரை, பாரம் தாங்காதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டார்."

அன்று மாலை அப்பாவின் கடையில், துணி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து பொத்தான் கத்தினாள். "அப்பா, பசிக்குது!"

அப்பா திரும்பவே இல்லை. வெளியே வந்து முறைத்தாள். "எத்தனை தடவை கூப்பிடுறது?"

"மூட்டைக்கு நடுவுல நின்னு கத்தினா எனக்கு எப்படிக் கேக்கும்? துணி சத்தத்தைத் தின்னுடும்ல!"

பொத்தானுக்குப் பசி பறந்துவிட்டது. "அப்பா, வெட்டுத்துணி எல்லாம் எனக்கு வேணும்!"

மறுநாள் தலையணை அளவில் ஒரு மூட்டை தைத்து வகுப்பில் மாட்டினாள். எதிரொலி அசையவில்லை.

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்று ஒருவன் கேலி செய்தான்.

"அப்போ நிறைய தைப்போம். கூரைதானே பாரம் தாங்காது? சுவர் தாங்குமே!"

வீட்டுக்கு வீடு கிழிந்த சட்டையும் பழைய போர்வையும் வந்தன. அப்பா மெஷினில் பைகள் தைத்தார். பிள்ளைகள் துணியைத் திணித்து, பையின் வாயை ஊசியால் தைத்து மூடினார்கள். ஏணி இல்லாமலே மேல்வரிசையை மாட்டினான் நெட்டை. மூன்று சுவர்களும் நிறைந்தன.

மறுநாள் டீச்சர், தன் உதடு தெரியாதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, சாதாரணக் குரலில் சொன்னார்:

"கடைசி பெஞ்சுல யாரோ ஜன்னல் வழியா அணிலை வேடிக்கை பாக்குறாங்க."

"நான் இல்ல டீச்சர்!" என்று துள்ளி எழுந்தான் நெட்டை.

அவனுக்குக் கேட்டுவிட்டது! வகுப்பில் எழுந்ததே ஒரு கைதட்டல்! நெட்டைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அடுத்த மாதமும் அவன் அதே பெஞ்சில்தான் இருந்தான்.

ஒருநாள் வகுப்பைப் பார்க்க அப்பா வந்தார். மூட்டை மூட்டையாகத் தடவிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார்.

"இந்தத் தையல் மட்டும் கோணலா இருக்கே. யார் போட்டது?"

"நான்தான்பா," என்றாள் பொத்தான் மெதுவாக.

அப்பா டீச்சர் பக்கம் திரும்பினார். அத்தனை மூட்டைகளையும் மீறித் தெருவரைக்கும் கேட்கும் குரலில் சொன்னார்:

"என் பொண்ணு தைச்சதுங்க!"