நூறாவது ஆள்

ஹின்டர்மாட் கிராமத்தில் நூறு பேர் இருந்தார்கள். சரியாக நூறு. பசுக்கள் முந்நூற்றுப் பத்து. அவற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று பேருந்து அலுவலகம் சொல்லிவிட்டது. ஊர்த் தலைவர் ஓத்மார் கேட்டுப் பார்த்திருந்தார்.

ஊரில் பாதி காடு. மீதியில் பாதி புல்வெளி, பாதி பாறை. பாறைக்கு அரசாங்க ஏட்டில் 'விளையாத நிலம்' என்று பெயர். தலைவரின் பேச்சுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

நவம்பரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. பள்ளத்தாக்கில் இருக்கும் ஊருக்கு அது இனி பிப்ரவரியில்தான் வரும். அதே வாரம் எழுபத்தெட்டு வயது மெல்க், தானும் ஊரைவிட்டுப் போவதாகச் சொன்னார். நகரத்தில் தங்கையோடு இருக்கப் போகிறாராம்.

ஊர் கலங்கிப் போனது. மெல்க்குக்காக அல்ல. நூறு பேர் இருந்தால்தான் பேருந்து என்பது அலுவலகத்தின் விதி. நூறில் ஒருவர் குறைந்தாலும் ஜனவரி முதல் அது வராது.

பேருந்து இல்லாவிட்டால் பத்து வயது அன்னினா, திங்கள் முதல் வெள்ளி வரை நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் இருமுவதற்கே அனுமதி வாங்க வேண்டும்.

இத்தனை வருடம் மெல்க்கின் வாசலை மிதிக்காதவர்கள் பாலாடைக்கட்டியோடு போனார்கள். ஒருவர் விறகு அடுக்கித் தந்தார். தலைவர், 'ஊரின் தூண்' என்று மெல்க்கைப் புகழ்ந்து அவர் சமையலறையிலேயே அரைமணி நேரம் பேசினார். தூண் தூங்கிவிட்டது.

இருப்பீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்னினா போய்க் கேட்டாள்.

"தங்கச்சிக்குக் கண்ணு போயிடுச்சும்மா. காபிய கோப்பைல ஊத்தறதா நெனச்சு மேசைல ஊத்தறா," என்றார் மெல்க். "ஆனா நான் போனா உன் பஸ் நின்னுடுமே."

இருங்கள் என்று கெஞ்சத்தான் அன்னினா வந்திருந்தாள்.

"நீங்க போங்க தாத்தா," என்றாள்.

சொல்லிவிட்டு வந்து, பேருந்து நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்தாள். அலுவலகத்தின் கடிதம் அங்கே ஒட்டியிருந்தது. மூன்று கூட்டங்களில் தலைவர் அதை உரக்க வாசித்திருந்தார். அன்னினா மெதுவாக வாசித்தாள்.

'நிறுத்தத்துக்கு நடந்துவரும் தூரத்தில் குடியிருப்போர் நூறு பேர்' என்றுதான் இருந்தது. எந்த ஊர்க்காரர்கள் என்று இல்லை.

ஓடைக்கு அக்கரையில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. அங்கே ஐந்து பேர். தினமும் இதே பேருந்தில்தான் போகிறார்கள். ஓடைதான் எல்லை என்பதால் அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரூட்டி ஊர்க் கணக்கு. நடுவில் இருக்கும் பாலத்துக்கு யார் வண்ணம் பூசுவது என்று இரண்டு ஊருக்கும் முப்பது வருடச் சண்டை.

அன்னினா தலைவரிடம் ஓடி, அக்கரை ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கணக்கில் சேர்க்கலாம் என்றாள்.

"அவங்க ரூட்டிக்காரங்க. அவங்க கையெழுத்துக்கு நான் போய் நிக்கணுமா?" என்றார் தலைவர்.

"பஸ்ஸுக்கு ஓடை தெரியாது தலைவரே. கடுதாசியப் படிச்சுப் பாருங்க."

தலைவர் படித்தார். முதன்முறையாக, வாயை மூடிக்கொண்டு.

மறுநாள் அவர் பாலத்தைக் கடந்தார். அக்கரை வீட்டு அம்மாள் ட்ரூடி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "முப்பது வருஷம் ஆச்சா ஐயா, இந்த அம்பது அடி நடந்து வர?" என்றாள். ஓத்மாருக்குப் பேச்சு வரவில்லை. அதை ஊரே ஒரு வாரம் கொண்டாடியது.

டிசம்பரில், பனி பெய்த ஒரு மதியம் மெல்க் கிளம்பினார். வழியனுப்பத் தலைவர் ஒரு உரை தயாரித்திருந்தார். அவர் தாளைப் பிரிப்பதற்குள் ஓட்டுநர் கதவை மூடிவிட்டார். அன்னினா பேருந்து மறையும்வரை கையை ஆட்டினாள். கை வலித்தது. மெல்க் வீட்டில் அன்று மாலை விளக்கு எரியவில்லை.

ஜனவரி வந்தது. பள்ளி திறந்த நாள் காலை, ஏழு பத்துக்கு, இருட்டுக்குள்ளிருந்து பேருந்து வந்து நின்றது. அன்னினா ஏறி, மெல்க் உட்கார்ந்து போன ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள்.